டோல் பாக்கிக்காக நிறுத்திய காரில் துப்பாக்கி ஏன் வெடித்தது?

மகனை டெக்சாஸுக்கு மேற்படிப்புக்கு அனுப்பியிருக்கும் ஒரு தாய் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் சின்னப் போக்குவரத்து விதிமீறலுக்காகக் காரை நிறுத்தும் போலீஸ்காரர், ஓட்டி வந்தவரைச் சுட்டுவிட்டார் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அங்கே காவலர்களுக்கு ஒழுங்கான பயிற்சியே கிடையாதா? என் மகன் அடுத்த மாதம் கார் வாங்கப் போகிறான். அவனிடம் நான் என்ன சொல்லி வைப்பது?”

பயிற்சி இருக்கிறது அம்மா. ஆனால் அந்தப் பயிற்சி எதை மனத்தில் பதிய வைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் மகன் இருக்கும் அதே மாநிலத்தில் நடந்து, 2025-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கை முதலில் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் உள்ள எல்லா முடிச்சுகளும் அந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன.

2016 ஏப்ரல் 28, பிற்பகல். ஹூஸ்டன் நகரத்துக்கு வெளியே ஒரு நெடுஞ்சாலையில் ரோந்து வந்த ராபர்ட்டோ ஃபீலிக்ஸ் என்ற காவலர், சுங்கக் கட்டணம் பாக்கி இருப்பதாக வானொலியில் அறிவிக்கப்பட்ட எண்ணுள்ள ஒரு டொயோட்டா காரைக் கண்டு அதை ஓரங்கட்டச் செய்கிறார். ஓட்டி வந்தவர் ஆஷ்டியன் பார்ன்ஸ் என்ற இளைஞர். கார் அவருடையதன்று, அவருடைய தோழியின் பெயரில் வாடகைக்கு எடுத்தது. உரிமம், இன்சூரன்ஸ் இரண்டையும் காவலர் கேட்கிறார். உரிமம் கையில் இல்லை என்று சொல்லிவிட்டு, பார்ன்ஸ் காருக்குள் இருந்த காகிதங்களைத் துழாவுகிறார். துழாவுவதை நிறுத்தச் சொல்கிறார் காவலர். கஞ்சா வாடை வருகிறது, வண்டியில் ஏதேனும் இருக்கிறதா என்றும் கேட்கிறார். அடையாள அட்டை டிக்கியில் இருக்கலாம் என்கிறார் பார்ன்ஸ். டிக்கியைத் திறக்கச் சொன்னதும் இன்ஜினை அணைத்துவிட்டுத் திறந்தும் விடுகிறார். பிறகு காரைவிட்டு இறங்கச் சொல்லும்போது கதவைத் திறக்கிறார், ஆனால் இறங்கவில்லை. மறுபடியும் இன்ஜினைக் கிளப்புகிறார். காவலர் துப்பாக்கியை உருவுகிறார். கார் மெல்ல நகரத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் ஃபீலிக்ஸ் பின்வாங்கவில்லை. திறந்திருந்த கதவின் கீழ்ப்படியில் தாவி ஏறிக்கொள்கிறார். தலை காரின் கூரைக்கு மேலே இருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. அசையாதே என்று கத்திக்கொண்டே உள்நோக்கி இரண்டு முறை சுடுகிறார். குண்டடிபட்ட நிலையிலும் பார்ன்ஸ் காரை நிறுத்துகிறார், அங்கேயே இறந்துபோகிறார். கார் நகர்ந்தது முதல் நின்றது வரை ஏறத்தாழ 5 நொடிகள். காவலர் படியில் ஏறியதற்கும் முதல் குண்டுக்கும் இடையே 2 நொடிகள்.

இந்த 2 நொடிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஓடும் காரில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒருவருடைய உயிர் ஆபத்தில்தான் இருந்தது. கீழ்நிலை நீதிமன்றங்கள் அதைத்தான் செய்தன. அச்சுறுத்தல் எழுந்த கணத்தில் காவலர் உயிருக்கு அஞ்சினாரா என்று மட்டும் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் நடந்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற கோட்பாட்டின்படி, மகனை இழந்த தாய் தொடுத்த வழக்கைத் தள்ளின. காரின் மேல் ஏறியது யார், ஏன் ஏறினார், ஏறாமல் இருந்திருக்க முடியாதா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. அந்தத் தாய் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 மே 15 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, நீதிபதி எலினா கேகன் எழுதிய தீர்ப்பில், அந்தக் கோட்பாடு தவறு என்றார்கள். பலப்பிரயோகம் நியாயமானதா என்பதை அந்தக் கணத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது, அதற்கு இட்டுச்சென்ற சூழ்நிலை முழுவதையும் பார்த்தாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனாலும், ஒரு காவலர் தானே உருவாக்கிக்கொண்ட ஆபத்தைக் காரணம் காட்டிச் சுடலாமா என்ற நேரடிக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லாமல் விட்டது. என் பார்வையில், பயிற்சியைப் பற்றி நாம் பேச வேண்டியதெல்லாம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஏனென்றால் ஒரு காவலருடைய கை, பயிற்சிப் பள்ளியில் பழகிய வழியில்தான் போகும். பதற்றம் வந்துவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது. அப்படியானால் அவர்களுக்குப் பழக்கப்பட்டது எது?

அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் பல ஆண்டுகளாகக் காட்டப்பட்டுவரும் ஒரு காட்சிப்பதிவு உண்டு. 1998 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தில், கைல் டிங்க்ஹெலர் என்ற 22 வயதுக் காவலர், அதிவேகமாக வந்த ஒரு வண்டியை நிறுத்துகிறார். அதை ஓட்டி வந்த முன்னாள் போர்வீரர் இறங்கி, நடுச்சாலையில் ஆட்டம் போடுகிறார், திட்டுகிறார், பிறகு தன் வண்டிக்குள் இருந்து ஒரு துப்பாக்கியை எடுக்கிறார். கீழே போடு, கீழே போடு என்று டிங்க்ஹெலர் திரும்பத் திரும்பக் கத்துவது பதிவில் கேட்கிறது. கடைசியில் அந்த இளைஞர் கொல்லப்படுகிறார். அவருடைய காரிலிருந்த கேமராதான் அவ்வளவையும் பதிந்தது. அதைப் பார்க்கும் எந்தப் பயிற்சிக் காவலருக்கும் வயிறு கலங்கும். ‘தயங்கினால் செத்தாய்’ என்ற பாடம் வேறெந்தப் பாடத்தையும்விட ஆழமாக இறங்கிவிடும். நான் அதைக் குறை சொல்லவில்லை. அப்படி ஒரு மரணம் நடந்தது உண்மை, அந்தக் குடும்பத்தின் துயரமும் உண்மை. ஆனால் ஒரு மரணத்தை மட்டும் காட்டி, அது எத்தனை நிறுத்தங்களில் ஒரு முறை நடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த இளம் காவலருடைய மனத்தில் ஒவ்வொரு காரும் அந்தக் காராகவே தெரியும்.

எத்தனையில் ஒன்று? ஜோர்டான் பிளேர் வுட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர், ஃப்ளோரிடா மாநிலத்தில் 200-க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாதாரணப் போக்குவரத்து நிறுத்தத்தில் ஒரு காவலர் வேண்டுமென்றே கொல்லப்படுவது ஏறத்தாழ 65 லட்சம் நிறுத்தங்களுக்கு ஒன்று. ஏதேனும் ஒரு வகையில் தாக்கப்படுவது ஏறத்தாழ 7,000-க்கு ஒன்று; அவற்றிலும் பெரும்பாலானவற்றில் பெரிய காயம் இல்லை. காவலர்கள் எச்சரிக்கையாக இருப்பதால்தானே எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். கையில் துப்பாக்கியோ கத்தியோ ஏந்தாத, வன்முறைக் குற்றத்துக்காகத் துரத்தப்படாத 400-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களும் பயணிகளும் ஐந்தாண்டுகளில் காவலர்களால் கொல்லப்பட்டதாக, 2021-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் புலனாய்வு கணக்கிட்டது. அந்த ஐந்தாண்டுகளில் தாங்கள் நிறுத்திய வாகன ஓட்டிகளால் கொல்லப்பட்ட காவலர்கள் சுமார் 60 பேர்.

இனிப் பயிற்சி மணிகளுக்கு வருவோம். அமெரிக்கக் காவல் தலைமையதிகாரிகளின் ஆய்வு மன்றம் ஒன்று 2015-இல் எடுத்த கணக்கெடுப்பில், புதிதாகச் சேர்பவருக்குத் துப்பாக்கிப் பயிற்சி 58 மணி நேரம், தற்காப்பு உடற்பயிற்சி 49 மணி நேரம், பதற்றத்தைத் தணிப்பதற்கான பயிற்சி 8 மணி நேரம் என்று தெரிந்தது. அதாவது பேசித் தீர்ப்பதற்கு ஒரே ஒரு பகல். அதற்குப் பின் நிலைமை சற்று மேம்பட்டிருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் கொண்ட நாட்டில் எல்லோருக்கும் பொதுவான பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. ஜெர்மனியில் காவலராக இரண்டரை முதல் மூன்று ஆண்டுகள் படிக்க வேண்டும். அமெரிக்காவில் பல இடங்களில் ஐந்தாறு மாதங்களில் சீருடை அணிந்துவிடலாம்.

பேச்சுப் பயிற்சி குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். 2014 செப்டம்பரில் தென் கரோலினா மாநிலத்தில், சீட் பெல்ட் அணியவில்லை என்பதற்காக ஒரு பெட்ரோல் நிலையத்தில் லெவர் ஜோன்ஸ் என்பவரை ஒரு நெடுஞ்சாலைக் காவலர் அணுகி, உரிமத்தைக் காட்டு என்கிறார். ஜோன்ஸ் அப்போது காருக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார். உரிமம் காருக்குள் இருக்கிறது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் திரும்பிக் காருக்குள் குனிகிறார். வெளியே வா என்ற கத்தலும் குண்டுகளும் ஒன்றாகவே வருகின்றன. இடுப்பில் குண்டு பாய்ந்து தரையில் கிடந்தபடி, உரிமத்தை எடுக்கச் சொன்னது நீங்கள்தானே என்று அவர் கேட்பது பதிவில் இருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார், காவலர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். உரிமம் எங்கே இருக்கிறது என்ற ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்டிருந்தால் துப்பாக்கிக்கு வேலையே இருந்திருக்காது. கேள்வி கேட்கும் பழக்கம் இல்லை, கட்டளையிடும் பழக்கம் இருந்தது.

கட்டளையும் ஒன்றாக இருப்பதில்லை. 2020 டிசம்பரில் வர்ஜீனியாவின் விண்ட்சர் என்ற சிற்றூரில், சீருடையிலிருந்த ராணுவ அதிகாரி ஒருவரை இரண்டு காவலர்கள் துப்பாக்கி முனையில் நிறுத்தினார்கள். கைகளை ஜன்னலுக்கு வெளியே நீட்டு என்பது ஒரு கட்டளை, கதவைத் திறந்து இறங்கு என்பது இன்னொன்று. சீட் பெல்ட்டைக் கழற்றக் கையை உள்ளே கொண்டுபோனால் முதல் கட்டளையை மீறியதாகும். கொண்டுபோகாவிட்டால் இரண்டாவதை மீறியதாகும். இறங்கவே பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னபோது, பயப்படத்தான் வேண்டும் என்று பதில் வந்தது; பிறகு முகத்தில் பெப்பர் ஸ்பிரே அடித்தார்கள். ஒருவர் மட்டும் பேச வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், அதைச் செய்ய அவகாசம் தர வேண்டும் என்பது எந்த நல்ல பயிற்சியாளரும் முதல் வாரத்தில் சொல்லும் பாடம்தான். சொல்வது வேறு, கை கால் நடுங்கும் நேரத்தில் வாயில் வரும் அளவுக்குப் பழகுவது வேறு. 2021 ஏப்ரலில் மினசோட்டாவின் புரூக்ளின் சென்டரில், காலாவதியான பதிவு வில்லைக்காக நிறுத்தப்பட்ட டான்ட்டே ரைட் என்ற இளைஞரை, டேசர் (மின்னதிர்ச்சி தரும் கருவி) என்று கத்தியபடியே, அதற்குப் பதிலாகக் கைத்துப்பாக்கியால் சுட்டவர் 26 ஆண்டு அனுபவமுள்ள காவலர். அன்று அவர் ஒரு புதிய காவலருக்குக் களப்பயிற்சி அளித்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாகனத்தை நிறுத்திய காவலர் ஓட்டுநரைக் கீழே இறங்கச் சொல்லலாம் என்று 1977-லும், போக்குவரத்து விதிமீறல் ஒன்று உண்மையாகவே நடந்திருந்தால் போதும், நிறுத்தியதன் உள்நோக்கம் வேறாக இருந்தாலும் அது செல்லும் என்று 1996-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டாவது தீர்ப்பின் விளைவு பெரிது. பின்விளக்கு எரியவில்லை, கண்ணாடியில் வாசனை அட்டை தொங்குகிறது என்பன போன்ற காரணங்கள், உள்ளே போதைப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சாக்காக மாறின. மூன்றாவது தீர்ப்பு 1989-இல் வந்தது. நீரிழிவு நோயாளியான கிரஹாம் என்பவர் சர்க்கரை குறைந்து, ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் ஓடி, வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே ஓடிவந்தார். அதைச் சந்தேகமாகப் பார்த்த காவலர் அவர் ஏறிய நண்பரின் காரை நிறுத்தினார். அவர் கால் எலும்பு முறியும் அளவுக்குப் போனது அந்த நிறுத்தம். பலப்பிரயோகத்தை, அந்த இடத்தில் நின்ற நியாயமான ஒரு காவலரின் பார்வையில் வைத்து மதிப்பிட வேண்டும், பிற்பாடு கிடைத்த தெளிவோடு அல்ல என்பது அந்த வழக்கில் பிறந்த அளவுகோல். குற்றம் எவ்வளவு கடுமையானது, உடனடி ஆபத்து உண்டா, அவர் எதிர்க்கிறாரா அல்லது தப்பப் பார்க்கிறாரா என்பவை அதில் கேட்கப்படும் கேள்விகள். முதல் கேள்வியைப் பார்ன்ஸ் வழக்குக்குப் பொருத்திப் பாருங்கள்: டோல் பாக்கி.

எல்லாம் இருட்டு என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் காவல்துறை 1972-லேயே, காரைத் தவிர வேறு ஆயுதத்தால் தாக்கப்படாதபோது ஓடும் வாகனத்தை நோக்கிச் சுடக் கூடாது என்று விதி போட்டது. அதற்குப் பின் அங்கே துப்பாக்கிச் சூடுகள் குறைந்தன. காரின் முன்னால் போய் நிற்காதே, பக்கவாட்டுக்கு விலகு, எண்ணைக் குறித்துக்கொள் என்பதே அந்த விதிக்குப் பின்னால் உள்ள நடைமுறை அறிவு. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இடைவெளி விடுதல், மறைவு தேடுதல், நேரத்தை நீட்டுதல், பேசிப் பார்த்தல் ஆகியவற்றைச் சேர்த்துப் பழக்கும் பயிற்சியை அறிமுகப்படுத்தி ஆய்வு செய்தபோது, பலப்பிரயோகச் சம்பவங்கள் சுமார் 28 சதவீதமும், பொதுமக்களுக்கு ஏற்பட்ட காயங்கள் 26 சதவீதமும், காவலர்களுக்கு ஏற்பட்ட காயங்கள் 36 சதவீதமும் குறைந்தன. கடைசி எண்ணைக் கவனியுங்கள். நிதானம் காவலரின் உயிரைப் பணயம் வைக்கும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை. நிறுத்தங்களையே குறைக்கும் முயற்சிகளும் உண்டு: வர்ஜீனியா 2021-லும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022 முதலும், சில சிறு விதிமீறல்களுக்காக மட்டும் காரை நிறுத்துவதைத் தடுத்தன. டைரீ நிக்கல்ஸ் என்ற இளைஞர் 2023 ஜனவரியில் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு மெம்ஃபிஸ் நகரமும் அப்படி ஒரு விதியை இயற்றியது. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அதை ரத்து செய்தது. இது எனக்குத் தீராத வருத்தம்.

இனி உங்கள் மகனுக்கு. நம்மூர்ப் பழக்கத்தை அவர் முதலில் மறக்க வேண்டும். இங்கே வாகனத் தணிக்கையில் கை காட்டி நிறுத்தினால், வண்டியை ஓரமாக விட்டு இறங்கி, ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் நிற்கும் இடத்துக்கு நாமே நடந்து போவோம், அதுதான் மரியாதை. அமெரிக்கா போன புதிதில், பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழன்றதும் நானும் அப்படித்தான் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தேன். காருக்குள் போ என்று ஒலிபெருக்கியில் வந்த அதட்டலில் கால் தானாக உள்ளே போய்விட்டது. அருகே வந்த காவலரின் கை இடுப்பில் துப்பாக்கியின் மேல் இருந்தது. அவரும் இளைஞர்தான், அவருடைய விரல்களும் லேசாக நடுங்கின.

ஆகவே மகனிடம் சொல்லுங்கள்: இண்டிகேட்டர் போட்டு வலப்பக்க ஓரத்தில் நிறுத்தட்டும். இரவானால் உள்விளக்கைப் போடட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும். இறங்கச் சொன்னால் மட்டும் இறங்கட்டும். காகிதங்களைத் தேட அவர் வருவதற்கு முன்பே குனிய வேண்டாம். உரிமம் பின்பாக்கெட்டில் இருக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்டு, சரி என்ற பிறகு மெதுவாக எடுக்கட்டும். வாதாட வேண்டியது இருந்தால் அது நீதிமன்றத்தில், சாலையோரத்தில் அன்று. சோதனை போடச் சம்மதமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அதற்குமேல் தடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தால் ஆபத்தே இல்லை என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில், பள்ளி உணவகத்தில் வேலை பார்த்த ஃபிலாண்டோ காஸ்டில் இதைத்தான் செய்தார். 13 ஆண்டுகளில் குறைந்தது 46 முறை நிறுத்தப்பட்டுப் பழகியவர் அவர். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று, ஐயா என்று விளித்து, தானாகவே சொன்னார். அதற்கான அனுமதியும் அவரிடம் இருந்தது. அதை எடுக்காதே என்றார் காவலர். எடுக்கவில்லை என்றார் அவர். ஏழு குண்டுகள் வெடித்தன. பின்னிருக்கையில் தோழியின் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. அந்தக் காவலர், ‘போர்வீரன்’ மனநிலையைக் கற்பிக்கும் தனியார் வகுப்பு ஒன்றில் கலந்துகொண்டவர் என்பது பிற்பாடு தெரியவந்தது. விசாரணையில் அவர் விடுதலையானார். அந்த வகைப் பயிற்சியை மினசோட்டா 2020-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஆகவே ஓட்டுநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பாடம், காவலருக்குத் தரவேண்டிய பாடத்துக்கு ஈடாகாது.

டெக்சாஸ் வழக்கைப் பற்றிக் கடைசியாக ஒன்று. தீர்ப்போடு உடன்பட்டுத் தனியாக எழுதிய நீதிபதி பிரெட் கேவனா, நிறுத்திய கார் திடீரென்று கிளம்பினால் காவலர் என்னதான் செய்வது, போகவிடுவதா, துரத்துவதா, டயரைச் சுடுவதா, தாவி ஏறுவதா, எதுவுமே எளிதன்று என்று கேட்டார். நேர்மையான கேள்விதான், ஓடுபவர் ஏன் ஓடுகிறார் என்று அந்த நொடியில் யாருக்கும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் காரின் எண் வானொலியில் ஏற்கெனவே வந்திருந்தது. ஓட்டியவரின் முகத்தைக் காவலர் நேரில் பார்த்திருந்தார். கார் யார் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டது என்பதும் கேட்டால் கிடைத்திருக்கும். ஓர் அடி பின்னால் எடுத்து வைத்து, அந்த எண்ணை வானொலியில் மறுபடி சொல்லியிருந்தால், பாக்கிக்கான சீட்டு அந்த வாரமே தபாலில் போயிருக்கும்.